மாணவர்களுள் ஒருவன்

தாமிரபரணியின் மேலைக் கரையில் திருநெல்வேலி; கீழைக் கரையில் பாளையங்கோட்டை. பள்ளிகளும் கலாசாலைகளும் நெருங்கியிருப்பதால் பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று ஒரு பட்டப் பெயரும் உண்டு. அங்கேயுங்கூட, இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றைத் தவறாக எழுதியதற்காகத் தலையில் குட்டு வாங்கும் குழந்தைகளுக்குக் குறைவில்லை. குட்டு ஆறிவிடும். "நான் மந்தன்" என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிட்டால் அது ஆறுவது கடினம். ஆகையால், அந்தத் தவறுகள் எங்கிருந்து வருகின்றன என்பதை நேயர்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறோம்.

மாணவனைப் பற்றிய வாக்கியங்களையே எடுத்துக்கொள்வோம். 'ஒன் ஆப் தி' என்று தொடங்கினால் அடுத்து வருவது 'ஸ்டூடன்ட்' என்பதா, 'ஸ்டூடன்ட்ஸ்' என்பதா? அதன் பின் 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா? தமிழில் சொல்லிப் பார்த்தால் விடை தானே கிடைக்கும். "மாணவர்களுள் ஒருவன் வந்தான்" என்கிறோம். "மாணவனுள் ஒருவன்" என்றோ, "ஒருவன் வந்தார்கள்" என்றோ எவரும் சொல்வதில்லை. எனவே 'ஸ்டூடன்ட்ஸ்' என்பதும் 'இஸ்' என்பதுமே சரி.

உடைமையைக் காட்ட இங்கிலீஷில் மேலே இடும் சிறு குறியும் அப்படியே. மாணவனுடைய அறையா, மாணவர்களுடைய அறையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவனானால் குறி 'எஸ்' எழுத்துக்கு முன்னும், பலரானால் பின்னும் வரும்.

"ஒவ்வொரு மாணவரும் தம் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும்" என்பதை எழுதும்போது, 'ஹிஸ்' போடுவதா, 'ஹெர்' போடுவதா என்ற சந்தேகம் எழும். 'தெயர்' போடலாம். பன்மைச் சொல்லை ஒருவருக்கு வழங்கலாமா என்று மலைக்க வேண்டாம். நம் 'தம்' என்பதும் பன்மைச் சொல்தான். மரியாதை கருதி ஒருவருக்கும் வழங்குகிறோம். இங்கிலீஷிலும் பதினான்காம் நூற்றாண்டு முதலே இவ்வழக்கு உண்டு.

தமிழே வழுக்கிவிடும் இடங்களும் உள. "பத்து மாம்பழம்" என்பது நமக்குப் பிழையன்று. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும் இத்தகைய சொல்லை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்று வகுத்திருக்கிறது. அதே பழக்கத்தில் குழந்தை 'டென் மேங்கோ' என்று எழுதுகிறது. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்று நினைப்பதால் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபவுட்' சேர்க்கிறது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லிலேயே 'பற்றி' அடங்கியிருப்பதை யாரேனும் எடுத்துச் சொன்னாலன்றிக் குழந்தை எவ்வாறு அறியும்? இவை புத்திக் குறைவால் வரும் தவறுகள் அல்ல. ஓர் இலக்கணத்தை நன்கு கற்ற மனம் மற்றோர் இலக்கணத்துக்குள் நுழையும்போது நேர்பவை.

இந்த உண்மையை அறியும் வழி நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. இடையன்குடியில் பல ஆண்டுகள் வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். பாஷைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே அந்நூலின் முறை. திருநெல்வேலி ஹிந்து கலாசாலைப் பள்ளியில் படித்த பாரதியார், தாம் பெற்ற இங்கிலீஷ் கல்வியால் பயனில்லை என்று பிற்காலத்தில் மனம் வெதும்பிப் பாடினார். ஆனால் அவர் இங்கிலீஷை வெறுத்தவர் அல்லர். அம்மொழியில் கட்டுரைகளும் எழுதியவர். சொந்த நாட்டின் புலவர்களையும் பெருமையையும் அறியவிடாத படிப்பையே அவர் பழித்தார்.

பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: குழந்தை தவறினால் குட்ட வேண்டாம். "இதைத் தமிழில் சொல், பார்க்கலாம்" என்று கேளுங்கள். இரண்டு பாஷைகளும் சேரும் இடத்தையும் பிரியும் இடத்தையும் குழந்தையே கண்டுகொள்ளும். இங்கிலீஷும் வரும், தமிழும் தங்கும்.