ரம்பப் பட்டையின் நீளமும் சங்கத்தின் பணமும்

சங்கத்தின் பணம் பெருஞ்செலவுகளில் மட்டும் கரைவதில்லை. அளவு பிசகிய சிறு கொள்முதல்களிலும் கரைகிறது. மரம் அறுக்கும் பட்டை ரம்பத்திற்குப் புதுப் பட்டை வாங்குவது இதற்குத் தக்க உதாரணம். நீளம் தவறினால் பட்டை மூலையில் கிடக்கும். யந்திரமும் ஆட்களும் சும்மா இருக்க நேரும்.

முல்லைப் பெரியாற்றுப் பாசனம் பெறும் மார்க்கையன்கோட்டை வட்டாரத்தில் தென்னைக்குக் குறைவில்லை. காய்ப்பு ஓய்ந்த தென்னை, சட்டமாகவும் பலகையாகவும் பயன் தரும். ஆனால் முற்றிய தென்னையின் வெளிப்பாகம் மிகக் கடினமானது. ரம்பப் பற்களை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய பட்டையை வற்புறுத்தி ஓட்டினால் அது அறுந்துபோகும்.

இரு சக்கரங்களைச் சுற்றியோடும் இந்த உருக்கு நாடாவின் யோசனை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் தோன்றியது. எனினும் முனைகளை உறுதியாக இணைக்கும் வழி தெரியாமையால் நெடுநாள் பயன்படவில்லை. 1846இல் பிரான்ஸ் நாட்டுக் க்ரெப்பான் அம்மையார் இணைப்பு முறையொன்றிற்குக் காப்புரிமை கோரிய பின்னரே அதற்கு வழி பிறந்தது.

இன்றும் அந்த இணைப்பே நம்மை ஏமாற்றுகிறது. அறுந்த பட்டையை ஒட்டும்போதெல்லாம் முனைகள் தேய்க்கப்பட்டு நீளம் குறைகிறது. ஆகவே பழைய பட்டையை அளந்து புதியதை வாங்குவது தவறு. யந்திரத்தையே அளக்க வேண்டும்.

வழி எளிது. சக்கரத்தில் ரப்பர் பட்டை இருந்தால் அதன் மேலாகவே விட்டத்தை அளக்கவும். பிறகு இரு சக்கர மையங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கவும். சக்கரங்கள் சமமாயின், தூரத்தை இரட்டித்து, விட்டத்தை 3.14 ஆல் பெருக்கிக் கூட்டினால் நீளம் கிடைக்கும்.

மேற்சக்கரம் ஏறி இறங்குவதாகையால், இரு எல்லைகளிலும் தூரத்தை அளப்பது அவசியம். விட்டம் 36 அங்குலம். தூரம் தாழ்ந்த நிலையில் 59, உயர்ந்த நிலையில் 61 அங்குலம் என்று கொள்வோம். முதல் நிலையில் நீளம் சுமார் 231 அங்குலம், அடுத்ததில் 235. ஒட்டிய பின் 234 அங்குலம் இருக்குமாறு கேட்டால், முறுக்கேற்றவும் இடமிருக்கும். பின்னால் சிலமுறை அறுந்து ஒட்டினாலும் பட்டை உதவும்.

மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்தும், மரத்தொழிலில் அடி, அங்குலப் பேச்சு மறையவில்லை. 1 அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை 25 என்று கொண்டால், 234 அங்குலப் பட்டையில் சுமார் 94 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அத்தகைய பட்டை மேற்சொன்ன யந்திரத்தில் ஏறவே ஏறாது.

எனவே கொள்முதல் கடிதத்தில் நீளம், அகலம், கனம், பல் இடைவெளி ஆகிய நான்கையும் எழுதுக. கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மிகாதிருப்பது நலம். ஒருவர் அளந்ததை மற்றொருவர் மீண்டும் அளந்து, யந்திரத்தின் உடலிலேயே சாயத்தால் எழுதிவைக்கட்டும். பட்டறைப் பொறுப்பாளர் மாறினாலும் அளவு மாறாது. அங்கத்தினர் பணமும் வீணாகாது.