அண்டை நாடுகளும் அடுத்த தெருவும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியைக் கடந்தால் கும்மிடிப்பூண்டியை அடையலாம். சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளும், இரும்புக் கம்பிகளை ஏற்றிச் செல்லும் லாரிகளும் நம் ஊரின் அடையாளங்கள். இவ்வூருக்குள்ளேயே மற்றோர் ஊரும் உண்டு. அதுவே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். தமிழ்நாட்டின் பெரிய முகாம்களுள் அதுவும் ஒன்று.

அம்முகாமிலிருந்து வரும் தோழி ஒருத்தி எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறாள். அவள் பிறந்தது இம்மாவட்டத்தில். காலை வழிபாட்டில் நாட்டுப்பண்ணை எங்களைவிட உரக்கப் பாடுபவளும் அவளே. ஆயினும் அவள் இந்தியக் குடிமகள் அல்லள். சமூக அறிவியல் வகுப்பில் 'சார்க்' அமைப்பைப் பற்றிப் படித்த அன்று, "இந்தச் சார்க் எங்களுக்கு என்ன செய்தது?" என்று அவள் கேட்டாள். எங்களுள் எவராலும் விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஒழுங்கு என்பது யாது?

ஒரு தெருவில் வேலித் தகராறு எழுந்தால், கைகலப்பாகுமுன் பேசித் தீர்க்கப் பெரியவர்களும் பஞ்சாயத்தும் உண்டு. அதுபோல ஒரு பகுதியின் நாடுகள் பூசலைப் போராக முற்றவிடாமல் தடுக்க ஏற்படுத்திக்கொண்ட உடன்படிக்கைகள், மன்றங்கள், வழக்கங்கள் ஆகியவற்றின் தொகுப்பே பாதுகாப்பு ஒழுங்கு ஆகும்.

இதற்கு ஐரோப்பா நல்ல சான்று. பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை போரில் இறங்கின. 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் புதுமையான யோசனை ஒன்றைக் கூறினார். பீரங்கி செய்ய வேண்டுவன நிலக்கரியும் எஃகும். அவ்விரண்டையும் பொதுவான ஓர் அமைப்பின் மேற்பார்வையில் வைத்துவிட்டால், ஒருவர் அறியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தமாக முடியாதன்றோ? 1951-இல் ஆறு நாடுகள் பாரிஸில் இதற்கு ஒப்பமிட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வித்து அதுவே. பக்தியுள்ள கத்தோலிக்கரான ஷூமானைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் 'வணக்கத்திற்குரியவர்' என அறிவித்தார். நம் ஊர் ஆலைகளில் உருகும் அதே இரும்பு, பகைவரைப் பிணைக்கவும் பயன்பட்டது என்பது வியப்பன்றோ!

சார்க்கின் வலிமையும் எல்லையும்

தெற்காசியாவில் 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகிய ஏழு நாடுகள் கூடிச் சார்க்கைத் தோற்றுவித்தன. 2007-இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. பெரிய நாடான இந்தியா தங்களை ஆட்டிவைக்குமோ என்று சிறிய நாடுகள் அஞ்சின. சிறியவை ஒன்று திரண்டு தன்னை எதிர்க்குமோ என்று இந்தியா ஐயுற்றது. எனவே சாசனத்தில் இரண்டு விதிகள் இடம்பெற்றன. ஒன்று, எம்முடிவும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். மற்றொன்று, இரு நாடுகளுக்கு இடையிலான வழக்குகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் அங்கே பேசக் கூடாது.

இவ்விதிகளால்தான் எல்லோரும் ஒரே மேசையில் அமர முடிந்தது. ஆனால் சுடுகின்ற பிரச்சினை எதுவும் அம்மேசைக்கு வர முடியாமல் போனதற்கும் இவையே காரணம். 2014-இல் காத்மாண்டுவில் நடந்த பதினெட்டாம் உச்சி மாநாட்டுக்குப் பின் 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவேண்டிய மாநாடு நடைபெறவில்லை. இந்நாடுகள் தமக்குள் செய்யும் வணிகமோ அவற்றின் மொத்த வணிகத்தில் ஏறத்தாழ 5 சதவீதமே.

இருவர் செய்த ஒப்பந்தங்கள்

ஆகவே இலங்கைத் தமிழரின் வாழ்வை முடிவு செய்தவை இரு நாட்டு ஒப்பந்தங்களே. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர் பல லட்சம் பேர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிரிக்கப்பட்ட மக்களை யாரும் கருத்துக் கேட்கவில்லை.

1983 ஜூலைக் கலவரத்தின்பின் ஆயிரக்கணக்கானோர் பாக் நீரிணையைப் படகில் கடந்து வந்தனர். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். மாகாண சபைகள் பிறந்தன. இந்திய அமைதிப் படையும் சென்றது. ஆனால் அமைதி காக்கச் சென்ற படை போரில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து, 1990 மார்ச்சில் திரும்பியது. 1991 மே 21 அன்று நமக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்தது. முகாம்கள் முடியவில்லை.

சட்டத்தின் இடைவெளி

அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இந்தியாவில் 1987 ஜூலை 1 முதல், இங்கே பிறந்தாலும் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை கிட்டாது. 2004-இல் இவ்விதி மேலும் இறுகியது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தோரைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் இலங்கை இல்லை. நம் தோழியின் நிலைக்குக் காரணம் இதுவே.

எனினும் நன்மைகளும் நடந்துள்ளன. தமிழக அரசு முகாம் மக்களுக்குப் பணக்கொடையும் ரேஷன் அரிசியும் வழங்கி வருகிறது. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றி, 7,469 வீடுகள் கட்டித் தரும் திட்டத்தையும் அறிவித்தது. அருட்தந்தை பேத்ரோ அருப்பே 1980-இல் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியும் முகாம் பிள்ளைகளின் கல்விக்குத் துணை நிற்கிறது.

முடிவுரை

எங்கள் தோழியின் வினாவுக்கு எங்கள் விடை இதுதான். சார்க் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை, ஏனெனில் அவளைப் பற்றிப் பேசக் கூடாது என்பதே அதன் விதி. எல்லைகளைக் காப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது. எல்லையைக் கடந்து வந்த குழந்தைக்கு ஒரு முகவரி கிடைப்பதும் பாதுகாப்பே. தெற்காசிய நாடுகள் அகதிகளுக்கென ஒரு பொது உடன்படிக்கையையாவது செய்துகொள்ளலாகாதா?

இதை அவளிடம் படித்துக் காட்டினோம். சற்று நேரம் பேசாதிருந்தவள், "சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். மேலே படித்தபின் நானே அந்த உடன்படிக்கையை எழுதுகிறேன்" என்றாள்.

குழந்தை இயேசுவும் ஓர் இரவில் தாய் தந்தையரோடு எகிப்துக்குத் தப்பிச் சென்றவர்தாம். அவர்களுக்கு அங்கே கதவைத் திறந்தவர் யாரென்று நாம் அறியோம். நம் அடுத்த தெருவின் கதவைத் திறக்க வேண்டியவர் யார் என்பதை அறிவோம்.