தாள் சாயட்டும்

வெங்காயம் மண்ணுக்குள் இருக்கிறது. அது முற்றிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தோண்டிப் பார்க்க வேண்டாம். மேலே இருக்கும் தாளைப் பார்த்தால் போதும்.

மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் மாவட்டம் இருக்கிறது. வெங்காயத்துக்குப் பேர் போன மாவட்டம். அங்கே லாசல்காவ் என்ற ஊரில் பெரிய வெங்காயச் சந்தை உண்டு. அந்தப் பக்கத்து விவசாயிகள் டிசம்பர், ஜனவரியில் நாற்று நடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்வார்கள். இந்த வெங்காயத்தை மழைக்காலத்திலும் வைத்து விற்பார்கள். சரியாக எடுத்தால் நான்கைந்து மாதம் தாங்கும். தவறான நாளில் எடுத்தால் வைத்த இடத்திலேயே அழுகும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் அழுகாது!

எது சரியான நாள்? செடி வளரும்போது நடுவிலிருந்து புதுத் தாள் வந்துகொண்டே இருக்கும். அதனால் கழுத்து விறைப்பாக நிற்கும். காய் பெருத்து முடிந்ததும் புதுத் தாள் வருவது நின்றுவிடும். கழுத்தின் உள்ளே வெறுமையாகிவிடும். தாளின் பாரத்தை அது தாங்காது. கழுத்து மடிந்து தாள் தரையில் சாயும். காற்றடித்துச் சாய்வது வேறு. அப்படிச் சாய்ந்த செடியின் கழுத்து கெட்டியாக இருக்கும். தானாகச் சாய்ந்த செடியின் கழுத்து விரலுக்கு மெத்தென்று இருக்கும்.

பத்துச் செடியில் ஐந்து செடி இப்படிச் சாய்ந்துவிட்டதா? அறுவடை செய்யலாம். வீட்டுக் கொல்லையில் இரண்டு பாத்தி போட்டவர்களுக்கும் இதே கணக்குதான். அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட வேண்டும்.

சந்தையில் விலை ஏறியது என்று கேட்டதும் பச்சைத் தாளோடு பிடுங்குகிறவர்கள் உண்டு. உடனே விற்பதானால் சரி. வைத்து விற்க அது ஆகாது. பச்சைக் கழுத்து தடியாக, ஈரமாக இருக்கும். சீக்கிரம் காயாது. அந்த வழியாகப் பூசணம் உள்ளே போகும். வெளியே பார்த்தால் நல்ல வெங்காயம். நறுக்கினால் உள்ளே அழுகல்.

சிலர் சீக்கிரம் முற்றட்டும் என்று தாளைக் காலால் மிதித்து விடுவார்கள். அதனால் காய் பெருக்காது. வளர்வதும் நின்றுபோகும்.

தாமதமும் கெடுதல்தான். எல்லாத் தாளும் காய்ந்து சருகாகும் வரை விட்டால் மேல்தோல் மண்ணிலேயே உரிந்துவிடும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் காய் மறுபடியும் வேர்விடும்.

மழைக்காலத்தில் வளரும் வெங்காயத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் தாள் பெரும்பாலும் தானாகச் சாயாது. தாள் லேசாக மஞ்சளாகி, காயும் நல்ல நிறத்துக்கு வந்ததும் எடுக்க வேண்டும். அது அதிக நாள் தாங்காது. விற்றுவிடுவதே நல்லது.

பிடுங்கிய வெங்காயத்தை வயலிலேயே வரிசையாகப் பரப்புவார்கள். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூட வேண்டும். கடும் வெயில் நேராகப் பட்டால் காய் வெந்துபோகும். மூன்று முதல் ஐந்து நாள் இப்படிக் காயவிடலாம். பிறகு ஒரு அங்குலம் கழுத்து விட்டுத் தாளை வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டக் கூடாது. அதன் பிறகு நிழலில் ஒரு வாரம், பத்து நாள் காய வேண்டும். கழுத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. சருகுபோல் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது.

பூத்தண்டு வந்தது, இரட்டைக் காய், கொத்து பட்டது, இவற்றைத் தனியே எடுத்துவிட வேண்டும். அவை தாங்காது. மீதியைக் கொட்டகையில் சேமிப்பார்கள். நாசிக்கில் அதைக் ‘காந்தா சாள்’ என்பார்கள். மராத்தியில் காந்தா என்றால் வெங்காயம். நம் பக்கத்து வெங்காயப் பட்டறை போன்றதுதான். தரையிலிருந்து உயர்த்தி, சந்து விட்டுக் கட்டியிருப்பார்கள். காற்று கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் புகும்.

வீட்டுக்கு மட்டும் என்றால் ஒரு மூங்கில் கூடை போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். உருளைக்கிழங்கோடும் சேர்க்காதீர்கள். வாரம் ஒரு முறை கூடைக்குள் கையை விட்டுப் பாருங்கள். முளை விடத் தொடங்கியதை அன்றைய குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.