அடுப்பில்லா ஐஸ் காப்பி: கடைக்காரர் கவனிக்க

குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைத்துப் போடும் ஐஸ் காப்பிக்கு வாடிக்கையாளர் தூள் கேட்டால், நைசான பில்டர் தூளைக் கொடுக்க வேண்டாம், கசடு தங்கும். ரவை போல் கொரகொரப்பாக அரைத்த, சிக்கரி கலவாத தூளே ஏற்றது. சிக்கரி கலந்த தூளானால் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கலப்பு விகிதம் பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். இது சட்டம்.

லிட்டர் நீருக்கு 100 கிராம் தூள். மூடி, பிரிட்ஜில் 12 மணி நேரம் வைத்துத் துணியில் வடிகட்டி, பால், சர்க்கரை சேர்க்கலாம். இது அடுப்பேறாத காப்பி. எனவே கொதித்து ஆறிய நீரே வேண்டும். எளாவூர், பழவேற்காடு பக்கம் மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி எளிதில் கிடைக்கும். அது குடிக்க உதவாது. கொதித்த நீரை வீட்டிலேயே உறையவைக்கச் சொல்லுங்கள். தூளோடு இந்த யோசனையும் கொடுக்கும் கடையை வாடிக்கையாளர் மறக்கமாட்டார்.