கையைப் பிடித்தால் உடல் ஏன் தணிகிறது?

மரக்காணம் அருகே உள்ள மீனவர் ஊர் எக்கியார்குப்பம். 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் இங்கே பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என அரசு அறிவித்தது. கணவனை, தகப்பனை இழந்தவர்களின் உடல்நலத்தை யார் கணக்கெடுப்பது?

இழப்பு மனதோடு நிற்பதில்லை. ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆபத்து விலகியதும் இவை தணிய வேண்டும். சாய்ந்துகொள்ள ஆளில்லாதவருக்கு எளிதில் தணிவதில்லை. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அழற்சி கூடலாம்; இதயம் பாதிக்கப்படலாம்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் குழுவினர், 2006-இல் வெளியான ஆய்வில், மணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, லேசான மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் பதற்றம் குறைந்தது. அந்நியர் கைக்கும் சிறிது பலன் இருந்தது! மிகவும் இணக்கமான தம்பதியரிடம் கூடுதலாகத் தணிந்தது. தாலி கட்டியவர் என்பது மட்டும் போதாது, அன்பும் வேண்டும்.

உறவு உடலைக் காக்கிறது என்பதையே 1938-இல் தொடங்கிய ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நெடுங்கால ஆய்வும் காட்டியது. 50 வயதில் உறவுகளில் நிறைவு கண்டவர்களே 80 வயதில் நலமாக இருந்தார்கள். கொலஸ்டிரால் அளவைவிட உறவே அந்த முதுமை நலத்தை நன்றாக முன்கூட்டிச் சொன்னது.