நல்ல பேஸ் கித்தார் எது?



என்னிடம் பள்ளியில் பயின்று, இப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவன் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தான். விடுமுறை நாள்களில் வேலை செய்து 20,000 ரூபாய் சேர்த்திருந்தான். கல்லூரி இசைக்குழுவில் வாசிப்பதற்கு ஒரு பேஸ் கித்தார் வாங்க வேண்டுமாம். "ஐயா, தாங்களும் உடன் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றான். பௌதிகம் கற்பித்த ஆசிரியனுக்கும் பேஸ் கித்தாருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு, அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் இக்கருவி யாதென அறிவோம். மேனாட்டு இசைக்குழுக்களில் தாழ்ந்த ஸ்வரங்களை ஒலிக்க, ஆள் உயரமுள்ள டபிள் பேஸ் என்னும் வாத்தியம் பயன்பட்டு வந்தது. அதைத் தூக்கிச் செல்வது கடினம். மெட்டுகள் இல்லாமையால் சுருதி பிசகாமல் வாசிப்பதும் கடினம். கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் என்பவர் 1951-ஆம் ஆண்டில், மெட்டுகள் பொருத்திய மின்சார பேஸ் கித்தார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். துல்லியம் என்று பொருள்படும்படி அதற்குப் 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயரிட்டார். உடல் ஒரு கட்டை, தண்டி மற்றொரு கட்டை. இரண்டையும் நான்கு திருகாணிகள் இணைத்தன. தண்டி பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். இவ்வமைப்பை இன்றும் பல கருவிகள் பின்பற்றுகின்றன.

இதில் தந்தியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். நான்கு தந்திகளும் சேர்ந்து, ஏறக்குறைய 75 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் தண்டியை இழுக்கின்றன. ஒரு மனிதர் இரவும் பகலும் அதைப் பற்றித் தொங்குவது போன்றது இது. அந்த இழுப்பை எதிர்த்து நிற்கவே தண்டியின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் திருகைச் சற்றுத் திருப்பினால் வளைவைச் சரிசெய்யலாம். ஆகவே, இக்கருவியின் உயிர்நிலை தண்டியே, மேற்பூச்சு அன்று.

கடையில் எங்கள் முன் முதலில் வைக்கப்பட்டது பளபளக்கும் புதிய சிவப்புக் கருவி. மாணவனின் கண்கள் அதைவிட்டு அகலவில்லை. தச்சர் பலகையின் ஓரத்தைப் பார்ப்பதுபோல், தண்டியை நீளவாக்கில் கண்ணருகே வைத்துப் பார்க்கச் சொன்னேன். தண்டி முறுகியிருந்தது. வளைவை எஃகுக் கம்பி திருத்தும், முறுக்கலைத் திருத்தாது. அதை விலக்கினோம்.

அடுத்த சோதனைகளும் எளியவையே. ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்தில் பாதி. அதற்கு நேர் மேலே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டினால் எழும் ஒலியும், அம்மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஒலியும் ஒன்றாயிருக்க வேண்டும். சிறு வேறுபாட்டைக் குதிரையை நகர்த்தித் தீர்க்கலாம். பின்னர் ஒவ்வொரு மெட்டிலும் வாசித்து, தந்தி அதிர்ந்து இரைகிறதா என்று கேளுங்கள். மெட்டுகளின் முனை கையைக் கீறலாகாது. குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு எழலாகாது.

இனி, நான் சொல்வதாகக் கூறிய உறவு. பல்லாண்டுகளுக்கு முன் என் மகளுக்கு ஒரு வீணை வாங்கினேன். தண்டியைப் பாராமல், யாளி முகத்தின் மெருகைப் பார்த்து வாங்கினேன். மரம் நன்கு உலராதது. ஒரு கோடை கழிவதற்குள் தண்டி வளைந்தது, ஸ்வரங்கள் பிசகின. குழந்தையோ தனக்கு ஸ்வர ஞானமே இல்லையென்று எண்ணி அழுதாள். ஆசிரியனாகிய நானும், "இன்னும் பழகு" என்று கடிந்தேன். குற்றம் குழந்தையினுடையதன்று என்று ஒரு வித்துவான் மீட்டிப் பார்த்துச் சொன்னபோது ஈராண்டு கழிந்திருந்தது. அவ்வீணையை வாங்குவாரில்லை, வேறொன்று வாங்கப் பணமுமில்லை. அவள் பிறகு வீணையைத் தொடவேயில்லை.

மறுவிற்பனை விலையைப் பற்றிப் பேசுவது வணிகர் பேச்சென்று எண்ணாதீர்கள். பிழையைத் திருத்திக்கொள்ளவும், மேலான கருவிக்குச் செல்லவும் அதுவே வழி. புதிய கருவி கடையைவிட்டு வெளியேறியவுடன் விலையில் ஒரு பகுதியை இழக்கிறது. முன்பே ஒருவர் வாசித்த கருவி அவ்விழப்பைக் கடந்துவிட்டது. பலரும் அறிந்த நிறுவனத்தின் நான்கு தந்திக் கருவிக்கு வாங்குவோர் மிகுதி. அதில் புதுத் துளையிடாதீர்கள், வர்ணம் மாற்றாதீர்கள். ஏதேனும் உறுப்பை மாற்றினால் பழையதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய கருவி வாங்கும்போது ரசீதைக் கேட்டு, வரிசை எண்ணை ஒப்பிடுங்கள். திருட்டுப் பொருளுக்கு எவ்விலையும் அதிக விலையே.

மாணவன் இறுதியில் 14,000 ரூபாய்க்கு, கீறல்கள் நிறைந்த ஒரு பழைய கருவியை வாங்கினான். அதன் தண்டி நேராக இருந்தது. மீதிப் பணத்தில் புதிய தந்திகளும் ஒரு சிறு ஒலிபெருக்கியும் வாங்கினான். சென்ற மாதம் கல்லூரி விழாவில் அவன் வாசிப்பதைக் கேட்டேன். இரண்டு இடங்களில் தவறினான். அவை அவனுடைய தவறுகள், கருவியுடையவை அல்ல. ஆதலால், பழகினால் அவை தீரும்.