அந்தப் பித்தளைப் புலி யாருடையது?

ஈப்போவில் பழம்பொருள் விற்கும் இடங்களில் துழாவும்போது, உள்ளங்கையில் அடங்கும் பித்தளைப் புலி ஒன்று உங்கள் கண்ணில் படலாம். அதன் தலைக்கு மேல் ஆங்கில எழுத்தில் 'ஹிந்துஸ்தான்' என்றிருக்கும். "நேதாஜி படையோடது அண்ணே" என்று விலை சொன்னால் நம்பலாமா?

வேண்டாம். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் புலி பாயும். இது நிற்கும் புலி. பிரிட்டனின் லெஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட்டுடைய (தனிப் பெயரும் மரபும் உள்ள படைப்பிரிவு) தொப்பிச் சின்னம் இது. 1804 முதல் 1823 வரை இந்தியாவில் இருந்ததற்காக அந்தப் படைக்கு 1825இல் புலி கிடைத்தது.

ஈப்போ இருக்கும் பேராவுக்கும் அந்தப் படைக்கும் என்ன தொடர்பு? 1941 டிசம்பரில் ஜப்பானியரிடம் அடிபட்டுப் பின்வாங்கிய லெஸ்டர்ஷயர் வீரர்களையும் ஈஸ்ட் சர்ரே வீரர்களையும் ஈப்போவில் ஒன்றாக்கி 'பிரிட்டிஷ் பட்டாலியன்' அமைத்தார்கள். கம்பார் மேடுகளில் டிசம்பர் 30 தொடங்கி ஜனவரி 2 வரை, இந்தியச் சிப்பாய்களோடு சேர்ந்து அவர்கள் போரிட்டார்கள்.

அப்படியானால் கையில் இருப்பது கம்பாரைப் பார்த்த புலியா? கீழே உள்ள பட்டையைப் படியுங்கள். 'ராயல்' என்றிருந்தால் இல்லை. அந்தப் பட்டம் 1946இல்தான் வந்தது. அந்தச் சொல் இல்லாவிட்டாலும் கம்பார் உறுதியாகிவிடாது. யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அசலா, நகலா? திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்த சின்னத்தில் முன்பக்க மேடு பின்பக்கம் பள்ளமாகத் தெரியும். உருக்கி வார்த்த நகலுக்குப் பின்பக்கம் பெரும்பாலும் தட்டையாக, ஊசிக்குழிகளோடு இருக்கும். புலியின் வரிகளும் மழுங்கியிருக்கும்.

வேறு சின்னங்களில் கிரீடம் இருந்தால்? அதன் வளைவுகள் மேலே உருண்டு நின்றால் 1901க்குப் பிந்திய மன்னர்கள் காலம். நடுவில் அமுங்கியிருந்தால் எலிசபெத் ராணி காலம். அவசரகாலம் (கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான போர், 1948–1960) இரண்டு ஆட்சியிலும் நடந்ததால் சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு வகையும் கிடைக்கலாம். ஆனால் எச்சரிக்கை: சார்ல்ஸ் மன்னர் உருண்ட கிரீடத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டார். புதுச் சின்னமும் பழையதுபோல் தோன்றும்.

குத்துவிளக்குபோல் புளி போட்டுத் துலக்கலாமா? கூடவே கூடாது. பழுப்பேறிய மேற்பரப்பு போனால் மதிப்பும் போகும், நுண்ணிய கோடுகளும் தேயும். உலர்ந்த மெல்லிய துணி போதும். நம்மூர் ஈரக் காற்றுக்குப் பச்சைக் களிம்பு சீக்கிரம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.

வீட்டில் தேடினால் ஏதாவது கிடைக்குமா? அவசரகாலத்தில் தோட்டங்களைக் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் தமிழர்களும் இருந்தார்கள். தாத்தாவின் போலீஸ் சின்னம் கிடைத்தால், அவர் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதனுடனே வைத்துவிடுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள்.

பழைய போர்க்களத்தில் தோண்டி எடுக்கலாமா? தோண்டாதீர்கள். தற்செயலாகக் கண்ணில் பட்டாலும், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். வெடிக்காத குண்டுபோல் ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகி, போலீசை அழையுங்கள்.